பெர்லினில் வந்த மதராஸ்

போன வாரம் என் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஒரேயடியாகப் படுத்திருந்தால் தலைமுழுகிவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன். அது பத்து நிமிஷம் நன்றாக ஓடும், பிறகு திரை இருண்டு போகும், பக்கவாட்டில் ஓர் அறை வைத்தால் மறுபடி எழுந்து உட்காரும். இதைப் பார்த்துவிட்டு என் மனைவி, “எலெக்ட்ரானிக் சாமானைப் போய் யாராவது அறைவாங்களா?” என்று கேட்டாள். அறைவார்கள். நான் அப்படி அறைந்தே வளர்ந்தவன்.

அடையாறில் ஒரு கடையிலிருந்து ரிப்பேர் பார்க்க ஒரு பெண் வந்தாள். முதுகுப்பையை இறக்கி வைத்து, பெட்டியின் ஒரு பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள். “மதர்போர்டுதான் சார் போயிருக்கு. ராம், ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை எல்லாம் நல்லா இருக்கு. புது போர்டு போட்டு, பழசையெல்லாம் அதுலயே மாட்டிடலாம்” என்றாள். திறந்த பெட்டிக்குள்ளிருந்து சூடான தூசியின் வாசனை வந்தது. வேறு எந்த வாசனையும் என்னை இப்படி இழுத்துக்கொண்டு போனதில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் பின்னால் போய், மயிலாப்பூரில் ஒரு மாடிப் போர்ஷனில் எங்கள் ரேடியோவின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பாவம், அந்தப் பெண் “போடலாமா சார்?” என்று இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த குடும்பம். அப்பாவுக்கு தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. கடை வாசலிலேயே ‘ஒரே விலை’ என்று பலகை தொங்கும். பேரம் கிடையாது, சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் விலை. இருபது வருஷம் அந்தப் பலகைக்கு அடியில் நின்றதில் அப்பாவுக்கு எழுத்தின் மேல் ஒரு பக்தியே வந்துவிட்டது. பஸ்ஸில் ‘புகை பிடிக்காதீர்’ என்று எழுதியிருந்தால், பக்கத்தில் பீடி பிடிப்பவரிடம் அதை வாசித்துக் காட்டுவார். நாங்கள் இரண்டு சீட் தள்ளி, யாரோ எவரோ போல உட்கார்ந்திருப்போம். எனக்கு அப்போது இருபத்தொரு வயது, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஓர் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா. தங்கை வடிவு கல்லூரியில் முதல் வருஷம். அம்மா வீட்டில் இருந்தாள். வீட்டில் இருந்தாள் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் ரேடியோ வெளிநாட்டுக் கம்பெனிச் சரக்கு. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரை விற்றுவிட்டுப் போனது என்பார் அப்பா. அந்தத் துரையை யாரும் பார்த்ததில்லை. தேக்குப் பெட்டி, உள்ளே பல்பு மாதிரி ஐந்து வால்வு, முன்னால் ஒரு கண்ணாடி. கண்ணாடியில் இங்கிலீஷில் ஊர்ப்பெயர்கள் அச்சடித்திருக்கும். மெட்ராஸ், பம்பாய், கொழும்பு எல்லாம் ஒரு வரிசை. லண்டன், ரோம், பெர்லின், கெய்ரோ எல்லாம் அதற்கு மேல் ஒரு வரிசை. குமிழைத் திருகினால் ஒரு சிவப்பு முள் அந்த ஊர்களுக்குக் குறுக்கே நகரும். மெட்ராஸ், கொழும்பு தவிர வேறு எந்த ஊரும் எங்களிடம் பேசியது கிடையாது. ரேடியோவுக்கு வடிவு ஒரு துணி உறை தைத்து, அதில் பச்சை நூலில் ஒரு கிளி போட்டிருந்தாள். பார்ப்பவர்கள் எல்லாரும் “காக்கா நல்லா இருக்கே” என்பார்கள். அதற்கு அவள் இன்றுவரை யாரையும் மன்னிக்கவில்லை.

ஜன்னலை ஒட்டி ரேடியோவை வைத்திருந்தோம். கடற்காற்று நேராக வந்து அதன் முதுகில் அடிக்கும். வருஷக்கணக்கில் உப்புக்காற்றைத் தின்று அதற்கு ஒரு வியாதி வந்தது. நன்றாகப் பேசிக்கொண்டே இருக்கும், திடீரென்று வாயை மூடிக்கொள்ளும். ஒரு தட்டுத் தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அப்பா உள்ளங்கையால் மண்டையில் வைப்பார். வடிவு இரண்டு விரலால் விலாவில் குத்துவாள். நான் ஒரு மாதிரிச் சாய்த்துப் பின்பக்கம் தட்டுவேன், அதுதான் சாஸ்திரப்படி சரியான அடி என்று எனக்கு ஒரு நினைப்பு. பி.யு.சி.யில் பௌதிகத்தில் தேறியிருந்தேன் அல்லவா.

இந்த லட்சணத்தில்தான் அம்மா ஒரு காரியம் செய்தாள். எங்கள் யாருக்கும் சொல்லாமல் வானொலி நிலையத்தின் மகளிர் நிகழ்ச்சிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். மிஞ்சிய சோற்றில் என்னென்ன பலகாரம் செய்யலாம் என்று பேச எனக்கு விருப்பம் என்று. அவர்களும் வரச் சொல்லிப் பதில் போட்டுவிட்டார்கள். பத்து நிமிஷப் பேச்சு. அப்பா கடிதத்தை மூன்று தரம் படித்தார். அச்சடித்த காகிதத்தில் வந்திருந்ததால் அதை எதிர்க்க அவருக்குத் தெம்பில்லை.

“பேசுதது சரி. மிஞ்சின சோத்தப் பத்தித்தான் பேசணுமா? ஊரு பூரா நம்ம வீட்டுல பழையதுதான் திங்குதோம்னு நெனைக்க மாட்டானா?” என்று மட்டும் கேட்டார்.

“நெசத்ததான சொல்லப் போறேன்” என்றாள் அம்மா.

பதிவுக்கு நான்தான் துணைக்குப் போனேன். கடற்கரைச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். எழுதி வைத்திருந்த நான்கு தாளையும் அம்மா கையில் சுருட்டிப் பிடித்திருந்ததில் அவை வேர்வையில் நனைந்து போயிருந்தன. கனமான கதவுக்கு அந்தப் பக்கம் அவளைக் கூட்டிப் போனார்கள். அரை மணி கழித்து வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“என்ன பேசுனேன்னே தெரியல. தாளத் திருப்பும்போது சத்தம் வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அதுலயே கவனமாப் போச்சு” என்றாள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, “நான் பேசுதது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுல்லா? ஒரு தடவ போட்டுக் காட்டுங்கன்னு கேக்க நெனச்சேன். வெக்கமா இருந்திச்சு, வந்துட்டேன்” என்றாள்.

நாற்பத்து மூன்று வயதுவரை ஒருத்தி தன் குரலைத் தானே கேட்டதில்லை என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. எங்களுக்குத் தெரிந்தவர்கள் யார் வீட்டிலும் அப்போது டேப் ரிக்கார்டர் கிடையாது. நான் பெரிய மனிதத் தோரணையில், “அடுத்த புதன்கிழமை மத்தியானம் வீட்டுல ஜம்முனு உக்காந்து கேக்கலாம்மா, அதுக்கு நான் பொறுப்பு” என்று சொன்னேன். பொறுப்பு என்ற சொல்லைச் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு நான் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ரேடியோ செத்துப் போயிற்று. மூன்று பேரும் அவரவர் பாணியில் அடித்துப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

கீழே குடியிருந்த வீட்டுக்கார மாமியிடம் ரேடியோ உண்டு. விஷயம் தெரிந்ததும் மாமி படியேறி வந்து, “எதுக்குக் கவலைப்படறேள்? நம்மாத்துல வந்து கேளுங்கோ, நானும் கேட்டுண்டிருப்பேன்” என்று கூப்பிட்டாள். நல்ல மனசுதான். ஆனால் அம்மா மாமியிடம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, உள்ளே வந்து என்னிடம், “அடுத்தவங்க முன்னால உக்காந்து எங் கொரல நானே கேக்க முடியாதுய்யா. கூச்சமா இருக்கும். நம்ம வீட்டுல கேட்டாத்தான் கேப்பேன், இல்லாட்டி வேண்டாம்” என்றாள். அம்மா எதையும் வேண்டும் என்று கேட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. ரேடியோவை ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு, மந்தைவெளியில் கன்னியப்பன் கடைக்குப் போனேன்.

கன்னியப்பன் ரேடியோ ரிப்பேர்க்காரர், முப்பது வயசு இருக்கும். வேலை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம் என்று சொல்ல முடியாது. பின்பக்க அட்டையைக் கழற்றி உள்ளே பார்த்ததும், “இன்னா நைனா, இந்தப் பொட்டி கடல்ல மெதந்துக்கினு வந்துச்சா?” என்று கேட்டார். பிறகு பெட்டிக்குள்ளிருந்து ஒரு தகரத் தட்டை உருவி எடுத்தார். ரேடியோவின் உயிர் அந்தத் தட்டில்தான் இருக்கிறது. மேலே வால்வுகள் நிற்கும், அடியில் கம்பிகள் ஓடும். சாசிஸ் என்பார்கள். இப்போது மதர்போர்டு என்கிறார்களே, அதன் பாட்டன் அது. அவர் ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தட்டினார், அப்பளம் மாதிரி ஒரு துண்டு உதிர்ந்து விழுந்தது.

“சாசிஸ் பூரா துரு புட்ச்சிக் கீது. இத்த ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா வால்வு அஞ்சும் சோக்கா கீது. ஸ்பீக்கர் கல்லு மாதிரி கீது. பொட்டி தேக்கு. இதையெல்லாம் இன்னாத்துக்குத் தூக்கிப் போடணும்? புதுசா ஒரு சாசிஸ் கட்டி, இந்த வால்வு, ஸ்பீக்கர், கண்ணாடி அல்லாத்தையும் அதுல ஏத்திட்றேன்.”

“புதன்கிழமைக்குள்ள முடியுமா?”

“இன்னா அவசரம், கிரிக்கெட்டா?”

“எங்க அம்மா பேசறாங்க.”

கன்னியப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ரேடியோலயா? அம்மாவா?” என்று கேட்டுவிட்டு, மேஜையில் இருந்த வேறு யாருடைய ரேடியோவையோ ஓரமாக நகர்த்தி எங்களுடையதை அங்கே வைத்தார். அந்த வாரம் முழுக்க ஆபீஸ் விட்டு வரும்போது தினமும் கடையில் நின்று பார்த்தேன். பளபளவென்று ஒரு புதுத் தட்டில் எங்கள் பழைய வால்வுகள் ஒன்றொன்றாக ஏறி உட்கார்ந்தன. நான் இடையிடையே பௌதிகம் பேசினேன். அவர் “ஆமா நைனா, ஆமா நைனா” என்று சொல்லிக்கொண்டே தன் வேலையைப் பார்த்தார்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்குக் கன்னியப்பனே பெட்டியைச் சுமந்து வந்து வீட்டில் வைத்தார். நான் அரை நாள் லீவு போட்டிருந்தேன். போட்டதும் வால்வு சூடாகி, உள்ளே ஆரஞ்சு வெளிச்சம் தெரிந்து, மதராஸ் நிலையம் கணகணவென்று பேசியது. அம்மா அவருக்கு டம்ளர் நிறைய மோர் கொடுத்தாள். கிளம்பும்போது அவர் என்னிடம், “நைனா, கண்ணாடி பழைய கம்பெனிது, உள்ள கீறது நம்ம சாமான். முள்ளு எங்க நிக்குதுன்னு பாக்காதே. இப்போ ஸ்டேஷன்ல வச்சிட்டேன், தொடாம ஆன் பண்ணு, போதும்” என்றார். நான் பலமாகத் தலையாட்டினேன். யாரிடமும் அதைச் சொல்லவில்லை. முள் எந்த ஊரில் நிற்கிறது என்றும் பார்க்கவில்லை. வால்வு தேய்ந்துவிடக் கூடாதென்று அணைத்து வைத்துவிட்டுக் குளிக்க இறங்கிப் போனேன்.

குளித்துவிட்டு, அடிபம்பில் இரண்டு குடம் தண்ணீரும் அடித்துத் தூக்கிக்கொண்டு மேலே வந்தால், அப்பா கடையில் பர்மிஷன் வாங்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்து ரேடியோவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ரேடியோ ‘உஸ்’ என்று இரைந்துகொண்டிருந்தது. வேறு ஒரு சத்தமும் இல்லை. நிகழ்ச்சி ஆரம்பிக்க இரண்டு நிமிஷம்.

குடத்தை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பின்பக்கம் தட்டினேன். அப்பா மண்டையில் ஒன்று வைத்தார். வடிவு விலாவில் குத்தினாள். அடியெல்லாம் பழைய சாசிஸுக்குப் பழகினது, புதுசு அசைந்து கொடுக்கவில்லை. நான் குமிழைப் பிடித்தேன்.

“தொடாதல. மெட்ராஸ்ல கரெக்டா வச்சிருக்கேன்” என்றார் அப்பா.

“நீங்க வச்சீங்களா? முன்ன எங்க இருந்திச்சு?”

“எவனோ பெர்லின்ல கொண்டு வச்சிருந்தான். கூறுகெட்ட பய. நான்தான் எடுத்து மெட்ராஸுக்குக் கொண்டாந்தேன்.”

அப்போதாவது எனக்குப் பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டாமா? தெரியவில்லை. பதற்றத்தில் கன்னியப்பன் சொன்னது மொத்தமும் மறந்து போயிற்று. முள் மெட்ராஸில்தான் நிற்கிறது, ஆகவே கோளாறு உள்ளே என்று நானும் நம்பினேன். கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று மெட்ராஸைச் சுற்றியே திருகினேன். ரேடியோ ஊளையிட்டது, விசிலடித்தது. அப்பா, “எழுதியிருக்கான்லா, எழுதியிருக்கான்லா” என்று கண்ணாடியைத் தட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார். அம்மா சமையலறை வாசலில் நின்றாள். அன்றைக்கென்று எடுத்துக் கட்டிய சேலை. ரேடியோவில் பேசுபவர்களைப் பார்க்க முடியாதே, எதற்கு அது என்று யாரும் கேட்கவில்லை.

எத்தனை நிமிஷம் போயிற்றோ. அம்மா மெதுவாகச் சொன்னாள், “அத அணைச்சிருங்க. கீழ மாமி வீட்டுல கேக்குது.”

அப்போதுதான் எங்களுக்கும் உறைத்தது. கீழேயிருந்து ஜன்னல் வழியாக ஒரு பெண்குரல் மேலே வந்துகொண்டிருந்தது. வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நாங்கள்தான் எங்கள் ரேடியோவின் ஊளையால் அதை அமுக்கிக்கொண்டிருந்தோம். வடிவு ஜன்னலுக்கு ஓடினாள். “அண்ணே, அம்மாதான் பேசுதா” என்றாள். அந்த நிமிஷத்தில்தான் கன்னியப்பன் மோரைக் குடித்துவிட்டுச் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அப்பாவின் கையைத் தட்டிவிட்டேன். வாழ்நாளில் நான் அப்பாவின் கையைத் தட்டிவிட்டது அந்த ஒரு தடவைதான். முள்ளை மெட்ராஸிலிருந்து கிளப்பி, அந்தக் கோடியில் பெர்லினுக்கு ஓட்டினேன்.

“...இட்டிலிப் பாத்திரத்தில் வைத்து எடுத்தால், விருந்தாளிக்கே வைக்கலாம், சகோதரிகளே” என்றாள் அம்மா, எங்கள் வீட்டுக்குள்ளிருந்து.

கீழேயும் அம்மா, மேலேயும் அம்மா. சோற்றுடன் அரிசி மாவையும் மிளகாயையும் சேர்த்துப் பிசைந்து வடகம் போடுவதைச் சொன்னாள். பிறகு, மிஞ்சிய சோறு என்று முகம் சுளிக்காதீர்கள், அடுப்பில் வெந்தது எல்லாம் ஒரே அரிசிதான் என்று சொல்லி வணக்கம் போட்டாள். மூன்று நிமிஷம் இருந்தால் அதிகம். நான் குமிழின் மேல் கையை வைத்தபடி, அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தேன். சமையலறை வாசலில் நின்றவள் எப்போது தரையில் உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தாள்.

“இது நானா? எங்க பெரியக்கா பேசுத மாதிரில்லா இருக்கு” என்றாள். பிறகு, “நான் இப்படித்தான் பேசுதேனா?” என்று எங்களைக் கேட்டாள்.

“ஆமா” என்றோம் மூன்று பேரும்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள் அம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, குடத்தை எடுத்து வைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

சற்று நேரத்தில் மாமி மேலே வந்தாள். “ஒரு வார்த்தை விடாம கேட்டேன். ரொம்பப் பாந்தமாப் பேசினேள். நடுவுல மாடியிலேர்ந்து என்னமோ ஊளையிடற மாதிரி கேட்டுண்டே இருந்ததே, பூனை எதாவது மாட்டிண்டுடுத்தா?” என்று கேட்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அந்த வாரக் கடைசியில் அவர் மறந்துவிட்டுப் போன டிபன் கேரியரைக் கொடுக்க தியாகராய நகர் போனபோது, வேட்டிப் பிரிவில் இருந்தவர் என்னிடம், “அம்மா நல்லாப் பேசுனாங்க தம்பி. உங்கப்பா ஒரு வாரமா ஒவ்வொருத்தரா வந்து நேரம் சொல்லிட்டுப் போனாரு. முதலாளிகிட்டயே கேட்டுக் கடையில ரேடியோ போட வச்சிட்டாரு” என்றார். மானம் போகும் என்று பேசிய மனிதர். நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அப்பாவிடம் அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

கன்னியப்பன் விஷயம் கேள்விப்பட்டு, முள்ளை நூலில் இழுத்து மெட்ராஸுக்கு நேராகக் கட்டித் தருகிறேன் என்றார். பேசுகிற பெட்டியைத் தொட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆகவே எங்கள் வீட்டில் மதராஸ் பெர்லினிலும் கொழும்பு கெய்ரோவிலும் நிலைத்துவிட்டன. வந்த விருந்தாளிகள், “கெய்ரோவுல என்னமாப் பாட்டுப் போடுதான்” என்று அப்பா சொல்வதைக் கேட்டு முழிப்பார்கள். நாளாவட்டத்தில் அந்தச் சொல் ரேடியோவை விட்டும் இறங்கி வந்தது. துவரம்பருப்பு என்று எழுதிய டப்பாவில் சீனி இருந்தால், சீனி பெர்லினில் இருக்கிறது என்போம். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை அறைக் கதவில் பெண் வீட்டார் பெயரை ஒட்டியிருந்தார்கள். “அண்ணன் பெர்லின்ல இருக்கான்” என்று வடிவு சத்தமாகச் சொல்ல, எனக்குப் பெண் கொடுத்தவர்கள் என்னை வெளிநாட்டில் வேலை பார்க்கிறவன் என்று கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டார்கள்.

அந்த ரேடியோவில் பிறகு ஸ்பீக்கர் மாறிற்று, வால்வுகள் ஒவ்வொன்றாக மாறின, கடைசியில் டிரான்சிஸ்டர் வந்ததும் தேக்குப் பெட்டி மட்டும் மருந்து மாத்திரை வைக்கிற அலமாரியாகக் கொஞ்ச நாள் இருந்தது. மயிலாப்பூர் வீடு இடிபட்டு அடுக்குமாடி ஆயிற்று. கன்னியப்பன் கடை இருந்த இடத்தில் இரண்டு கடை மாறிவிட்டது. மாமியும் இல்லை, அப்பாவும் இல்லை. அம்மா போய் நாற்பது வருஷம் ஆகப் போகிறது. கல்யாண போட்டோக்களில் நிறைய இருக்கிறாள், எல்லாவற்றிலும் வாயை மூடிக்கொண்டு. வீடியோ எடுக்கிற காலம் வந்தபோது அவள் இல்லை. அந்தப் பத்து நிமிஷத்தைத் தவிர அம்மா எங்கேயும் பேசிப் பதிவானதில்லை. அதிலும் ஏழு நிமிஷத்தை எங்கள் வீட்டில் யாருமே, பேசியவள் உட்பட, கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் சரியானதும் என் மகள் பழைய போட்டோக்களை அதில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றைப் பார்த்துவிட்டு, “ஆச்சி குரல் எப்படிப்பா இருக்கும்?” என்று கேட்டாள். மெல்லிசாக, கொஞ்சம் இழுத்த மாதிரி இருக்கும் என்றேன். சந்தேகமாக இருந்தது, கோயம்புத்தூரில் இருக்கிற வடிவுக்குப் போன் போட்டேன். “மெல்லிசா? யாருக்கு? அம்மாவுக்கு நல்ல கட்டக் கொரல்லா” என்றாள் வடிவு. நான் இல்லை என்றேன். அவள் ஆமாம் என்றாள். இருவரும் மாற்றி மாற்றி அம்மா மாதிரிப் பேசிக் காட்டினோம், இரண்டும் அம்மா மாதிரி இல்லை. அரை மணி நேரம் சண்டை போட்டோம். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ரெண்டு பேர்ல யார் சொல்றதுப்பா சரி?” என்றாள். தெரியவில்லை என்று சொன்னேன்.